போக முடியாத இடத்தில் ஒரு வகுப்பு

கார் ஊர்ந்து வந்து சாவடியின் முன் நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது. கூண்டுக்குள் சீருடையில் இருக்கும் அதிகாரி கேட்கத் தொடங்குகிறார். எந்த நாட்டுக் குடியுரிமை? எங்கே போய்விட்டு வருகிறீர்கள்? எத்தனை நாள் தங்கினீர்கள்? வாங்கி வந்த பொருள் ஏதும் உண்டா? காரோட்டி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். ஒரு பதில் மட்டும் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதிகாரி முடிவெடுத்தாக வேண்டும். போக விடுவதா, ஓரம்கட்டச் சொல்லிச் சோதனை போடுவதா?

அதிகாரியாக உட்கார்ந்திருப்பவர் ஒரு கல்லூரி மாணவர். சாவடி, கார், பின்னால் நிற்கும் வரிசை எல்லாம் கணினித் திரைக்குள் இருப்பவை. காரில் வந்த பயணி மட்டும் கணினியின் கற்பனை இல்லை. வேறோர் இடத்தில் கணினி முன் உட்கார்ந்து அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கும் மனிதர் அவர். அடுத்த கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்று மாணவருக்குத் தெரியாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பெல்வில் என்னும் ஊரில் இருக்கிறது லாயலிஸ்ட் கல்லூரி. எல்லைப் பணி அதிகாரியாக விரும்புவோருக்கு அங்கே ஒரு படிப்பு உண்டு. முன்பெல்லாம் அந்த மாணவர்கள் சில வாரங்கள் உண்மையான எல்லைச் சாவடிக்குப் போய், அதிகாரிகளின் கூடவே நின்று வேலையைப் பார்த்துப் பழகுவார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கதவு மூடிக்கொண்டது. பாதுகாப்புக் கெடுபிடியில் மாணவர்களை உள்ளே விடவில்லை. மிஞ்சியது வகுப்பறையில் ஒருவரையொருவர் பார்த்துக் கேள்வி கேட்டுப் பழகுவதுதான். ஏட்டுச் சுரைக்காய்.

2007 இறுதியில் அந்தக் கல்லூரி, செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் ஒரு எல்லைச் சாவடியைக் கட்டியது. விசாரணைத் திறனைச் சோதிக்கும் தேர்வில் 2007-ல் 56 விழுக்காடாக இருந்த மாணவர் வெற்றி, 2008 இறுதியில் 95 விழுக்காடாக உயர்ந்தது என்று கணக்கு வெளியானது. கல்லூரி தன் வகுப்பைப் பற்றித் தானே சொன்ன கணக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் அந்த இடைவெளி சிறியதில்லை.

மெய்நிகர் உலகங்களை வைத்து உயர்கல்வி நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்திப் பார்க்கின்றன. ஆரவாரத்தோடு தொடங்கியவை பல, சத்தமில்லாமல் மூடப்பட்டுவிட்டன. பயன் தந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்த்தால், எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மாணவரால் நேரில் போக முடியாத ஓர் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போய், அங்கே அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்த வகுப்புகளே தேறியிருக்கின்றன. தன் கல்லூரிக் கட்டடத்தையே திரைக்குள் இன்னொரு முறை கட்டிக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது கட்டடம் மட்டும்தான்.

தீவு வாங்கிய பல்கலைக்கழகங்கள்

'மெய்நிகர்' என்ற சொல்லை நாம் பலவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். ஜூம் வகுப்பும் மெய்நிகர், வீடியோ பாடமும் மெய்நிகர். 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் ஆங்கிலப் பெயரில் 'விர்ச்சுவல்' என்ற சொல் இருந்தது. அங்கே அதற்கு இணையம் என்றே பொருள். இந்தக் கட்டுரை பேசுவது வேறொன்றைப் பற்றி. பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, ஆளுக்கோர் உருவம் எடுத்து, ஒருவரையொருவர் கண்டு பேசி, சேர்ந்து வேலை செய்யக்கூடிய கணினி உலகம் அது. நீங்கள் வெளியேறிய பிறகும் அந்த உலகம் அங்கேயே இருக்கும். நாளை திரும்பிப் போனால் நேற்று நட்ட கம்பம் நட்ட இடத்திலேயே நிற்கும்.

இதன் பிறப்பிடமே ஒரு பல்கலைக்கழகம்தான். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற ஆட்டத்தில் படமே கிடையாது. எல்லாம் எழுத்து. "நீ ஒரு குறுகிய பாதையில் நிற்கிறாய்" என்பது போல வரிகள் வரும், நீங்கள் 'வடக்கே போ' என்று தட்டச்சு செய்ய வேண்டும். அந்த எழுத்துலகம் முப்பரிமாணம் ஆக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. நடுவில், 1986-ல் வந்த 'ஹாபிடாட்' என்ற ஆட்டம், திரைக்குள் நடமாடும் உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர் வைத்தது. நம் அவதாரம்தான் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

2003 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃபைத் திறந்தது. நிறுவியவர் பிலிப் ரோஸ்டேல். விளையாட்டு மாதிரி தோன்றினாலும் அதில் புள்ளிகள் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. வெறும் நிலமும் கடலும் வானமும் கொடுத்துவிட்டு, மற்றதைக் குடியிருப்பவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கட்டியது கட்டியவருக்குச் சொந்தம், விற்கலாம். அதற்கென்று லிண்டன் டாலர் என்ற நாணயம். 2006 மே மாதம் அமெரிக்காவின் பிசினஸ்வீக் இதழ், அங்கே நிலம் வாங்கி விற்றுச் செல்வம் சேர்த்த ஓர் அவதாரத்தை அட்டைப்படத்தில் போட்டது. அதன் பிறகு கூட்டம் கூடியது. கூட்டத்தோடு பல்கலைக்கழகங்களும் வந்தன.

நிலத்தின் கணக்கு எளிது. செகண்ட் லைஃபில் விற்கப்படும் ஒரு தீவு என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர், சுமார் 16 ஏக்கர். அன்றைய விலை, தொடக்கத்தில் ஒரு தொகை, பிறகு மாதம் 295 டாலர். கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலை, 147 டாலர் 50 சென்ட். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2006 இலையுதிர் பருவத்தில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் சார்லஸ் நெசன், தன் மகள் ரெபெக்கா நெசனோடு சேர்ந்து 'சைபர்ஒன்' என்ற பாடத்தை நடத்தினார். சட்ட மாணவர்கள் கல்லூரியில் படித்தார்கள். ஹார்வர்டின் விரிவாக்கப் பள்ளியில் சேர்ந்தவர்கள் செகண்ட் லைஃபில் கூடினார்கள். பொதுமக்களும் கட்டணமில்லாமல் வந்து கேட்கலாம் என்று கதவு திறந்து விடப்பட்டது. 2009-ல் டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பு தன் 16 வளாகங்களையும் ஒரே வீச்சில் அந்த உலகத்துக்குள் கொண்டுவந்தது.

வந்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? கட்டடம் கட்டினார்கள். நுழைவாயில், மணிக்கூண்டு, நூலகம், வரிசை வரிசையாக நாற்காலி போட்ட அரங்கம், அரங்கத்தின் சுவரில் பவர்பாயின்ட். கால் வலிக்காத உருவத்துக்கு நாற்காலி எதற்கு? மழையே பெய்யாத ஊரில் கூரை எதற்கு? பறந்து போகக்கூடிய இடத்தில் படிக்கட்டு எதற்கு? புதிய மொந்தையில் பழைய கள் என்பார்களே, அதுதான். மொந்தையும் ஓட்டை. ஒரு தீவில் ஐம்பது அறுபது பேர் கூடினாலே எல்லாம் ஊர்ந்து நகரத் தொடங்கும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மாணவரின் திரை உறைந்து நிற்கும். நடக்கப் பழகவே முதல் வகுப்பு போய்விடும். இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனால், நேரில் கேட்டிருக்கக்கூடிய அதே சொற்பொழிவு. திறப்பு விழாவுக்குப் பிறகு அந்த வளாகங்கள் பல வெறிச்சோடிக் கிடந்ததில் வியப்பில்லை.

ஹார்வர்ட் வகுப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அவர்களும் தங்கள் ஆஸ்டின் ஹால் கட்டடத்தைப் பார்த்து ஒரு நீதிமன்ற அரங்கைக் கட்டினார்கள்தான். ஆனால் திசைக்கொருவராக இருந்த விரிவாக்கப் பள்ளி மாணவர்களுக்கு அது ஒரு கூடுமிடம் ஆயிற்று. தபால்வழிக் கல்வியில் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாடப் புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்து "உனக்குப் புரிந்ததா?" என்று கேட்கும் ஆள் வரமாட்டார்.

குரல்கள் கேட்கும் வார்டு

மனநல மருத்துவத்தில் ஒரு பழைய சிக்கல் உண்டு. 'ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிக்கு இல்லாத குரல்கள் கேட்கும், இல்லாத காட்சிகள் தெரியும்' என்று மாணவர் மனப்பாடம் செய்கிறார், தேர்வில் எழுதுகிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு இந்த நொடியில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேர்வழியும் இல்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த பீட்டர் யெல்லோலீஸ், செகண்ட் லைஃபில் ஒரு மருத்துவமனை வார்டைக் கட்டினார். நோயாளிகளிடமே கேட்டு, அவர்கள் கண்டதையும் கேட்டதையும் வைத்துக் கட்டியது. உள்ளே நுழையும்போது ஒரு பேட்ஜை மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து குரல்கள் தொடங்கும். பார்ப்பதற்குச் சாதாரண தாழ்வாரம், சாதாரண அறைகள். நடக்க நடக்க, நீ எதற்கும் லாயக்கில்லை என்று ஒரு குரல் கூடவே வரும். செய்தித்தாளைப் பார்த்தால் சாவு என்ற சொல் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். சுவரொட்டியில் இருந்த எழுத்து கண்ணெதிரே வசையாக மாறும். தொலைக்காட்சியில் பேசுபவர் உங்களைப் பார்த்துப் பேசத் தொடங்குவார். ஓர் இடத்தில் தரை மறைந்துவிடும். இன்னோர் இடத்தில் வெளிச்சத்தின் கீழ் ஒரு துப்பாக்கி இருக்கும், எடுத்துக்கொள் என்று குரல் சொல்லும்.

இரண்டு மாதங்களில் அந்த வார்டைச் சுற்றிப் பார்த்தவர்களில் 579 பேர் கருத்துச் சொன்னார்கள். குரல்கள் கேட்பது எப்படி இருக்கும் என்பது முன்பைவிடப் புரிந்தது என்றவர்கள் 76 விழுக்காடு. மற்றவர்களையும் போய்ப் பார்க்கச் சொல்வோம் என்றவர்கள் 82 விழுக்காடு. 2006-ல் இது ஆய்விதழில் வெளியானது.

இந்த எண்களில் ஒரு குறை உண்டு. தானாக வந்து நுழைந்தவர்கள், தங்களுக்குப் புரிந்ததாகத் தாங்களே சொன்னது இது. அவர்கள் பிறகு ஒரு நோயாளியிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை இது அளக்கவில்லை. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. ஒரு கால்மணி நேரம் அந்தத் தாழ்வாரத்தில் நடந்துவிட்டு, நோயாளியின் துன்பம் எனக்குத் தெரியும் என்று ஒருவர் நினைத்துவிடக் கூடாது. பேட்ஜைக் கழற்றினால் குரல்கள் நின்றுவிடும். நோயாளிக்கு அவை நிற்பதில்லை. இதை மாணவருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அப்படி ஓர் ஆசிரியர் இருந்தால், அந்த வார்டு பாடப் புத்தகத்தின் பத்துப் பக்கங்கள் செய்யாததைச் செய்யும் என்றே நம்புகிறேன்.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகம், கவென்ட்ரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2008, 2009-ல் செய்தது இன்னொரு வகை. நம் ஊரில் 108 ஆம்புலன்சில் வரும் உதவியாளர்களைப் போன்ற பாராமெடிக் பணிக்குப் படிக்கும் மாணவர்கள், சிறு குழுவாக விபத்து நடந்த இடத்துக்குப் போவார்கள். நாடி பார்க்க வேண்டும், ஆக்சிஜன் வைக்க வேண்டும், காயத்துக்குக் கட்டுப் போட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். பிறகு ஆம்புலன்சில் ஏற்றி மருத்துவமனையில் ஒப்படைத்து, என்னென்ன செய்தோம் என்ற குறிப்பை எழுத வேண்டும். அந்தக் குறிப்பு மின்னஞ்சலில் ஆசிரியருக்குப் போய்விடும்.

திரையில் ஊசி போட்டுக் கை பழகாது. பழகும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இங்கே பழகுவது வேறு: எதை முதலில் செய்வது, யார் எதைச் செய்வது, அவசரத்தில் ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேல், முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுவது. "ஏன் அந்த மருந்தை அப்போது கொடுத்தாய்?" என்று ஆசிரியர் கேட்கும் அந்த அரை மணி நேரம்தான் உண்மையில் வகுப்பு. அதற்கு முன் திரையில் நடந்ததெல்லாம் பேசுவதற்கான பொருள். இந்தப் பேச்சை வெட்டிவிட்டுத் திரையை மட்டும் வாங்கி வைத்த இடங்களில் மாணவர்களுக்குக் கிடைத்தது பொழுதுபோக்கு.

டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் கிளார்க் உருவாக்கிய 'ஜீனோம் ஐலண்ட்' தீவு எனக்குப் பிடித்தது. மரபியலின் தந்தை மெண்டல் பட்டாணிச் செடிகளை வளர்த்த மடத்துத் தோட்டம் அங்கே இருந்தது. உண்மையான பட்டாணி காய்த்து, விதை முற்றி, அடுத்த தலைமுறை முளைக்கப் பல மாதங்கள் ஆகும். மாணவர் அந்தத் தோட்டத்தில் செடிகளைக் கலப்பு செய்து, விளைந்ததை உடனே எண்ணிப் பார்க்க முடிந்தது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் தானே எண்ணிக் கண்டுபிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உயிரியல் ஆசிரியர்களைக் கேளுங்கள்.

காலத்தால் போக முடியாத இடங்களும் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் 'தியட்ரான்' திட்டம் பண்டைய ஏதென்சின் டயோனிசஸ் அரங்கு தொடங்கி ஐரோப்பாவின் வரலாற்றுப் புகழ்பெற்ற நாடக அரங்குகளை மீட்டெடுத்தது. இடிபாடாகவோ வரைபடமாகவோ எஞ்சியிருக்கும் மேடையில் நாடக மாணவர்கள் ஏறி நின்று, கடைசிப் படியில் இருப்பவருக்கு நடிகர் எவ்வளவு சிறிதாகத் தெரிவார் என்று பார்க்க முடிந்தது. அமெரிக்காவின் வாசர் கல்லூரி 2007-ல் செகண்ட் லைஃபுக்குள் சிஸ்டைன் சிற்றாலயத்தைக் கட்டியது. மைக்கலாஞ்சலோவின் விதான ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்காமல், பறந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது.

திரையில் தெரியும் அந்த உருவம் வெறும் பொம்மை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். குட்டையான உருவம் கிடைத்தவர்கள் நியாயமில்லாத பங்குக்கும் தலையாட்டினார்கள். போட்டுக்கொண்ட வேடம் போட்டவரை மாற்றுகிறது. நம் கூத்துக் கலைஞர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

வாடகை ஏறியது

2010 ஜூனில் லிண்டன் லேப் தன் ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை வேலையைவிட்டு அனுப்பியது. அக்டோபர் தொடக்கத்தில் இன்னோர் அறிவிப்பு வந்தது. கல்வி நிறுவனங்களுக்கான பாதி விலைச் சலுகை அந்த ஆண்டோடு முடிகிறது. 2011 ஜனவரி முதல் முழு விலை.

147 டாலர் 50 சென்ட் 295 டாலராகிறது. ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய தொகையா என்று தோன்றலாம். பல்கலைக்கழகத்தின் பட்ஜெட் முந்தைய ஆண்டே போடப்படுவது. தீவை நடத்தியவரோ ஒரு துறையில் ஆர்வத்தால் அதைத் தொடங்கிய ஒற்றை ஆசிரியர். இருந்த சிறு நிதியைப் போராடிப் பெற்றவர் அவர். நடுவருடத்தில் வாடகை இரட்டிப்பாகிறது என்று அவர் டீனிடம் போய் நின்றால் என்ன பதில் வரும்? ஒவ்வொன்றாகத் தீவுகள் காலியாயின.

காலி செய்யும்போதுதான் கூடுதல் வலி. வாடகை வீட்டைக் காலி செய்தால் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு போகலாம். இங்கே அதுவும் சுலபமில்லை. தானே உருவாக்கிய பொருளை வெளியே எடுக்க வழி இருந்தது. பிறரிடம் வாங்கியவை, சக ஆசிரியர் செய்து தந்தவை, பழைய மாணவர்கள் கட்டியவை ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் இரவு பகலாகக் கட்டிய வகுப்பு ஒரு நாளில் சர்வரிலிருந்து போய்விடும்.

சிலர் விழித்துக்கொண்டார்கள். 2007-லேயே தொடங்கியிருந்த ஓப்பன்சிமுலேட்டர் என்ற கட்டற்ற மென்பொருள், ஏறக்குறைய அதே உலகத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த சர்வரில் ஓட்ட வழி செய்தது. பலர் அங்கே குடிபெயர்ந்தார்கள். தோற்றம் கொஞ்சம் கரடுமுரடு, அடிக்கடி முடங்கும், ஆனால் சொந்த வீடு. 2013-ல் லிண்டன் லேப் கல்விச் சலுகையைத் திரும்பக் கொண்டுவந்தது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

இதில் அந்த நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வணிக நிறுவனம், விலையை ஏற்றும் இறக்கும். என் வருத்தம் பல்கலைக்கழகங்களின் மேல்தான். நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினால், பதிப்பகம் மூடிய பிறகும் அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்கும். நூற்றாண்டுக் கணக்காக அந்த ஒழுங்கைக் காத்துவந்த நிறுவனங்கள், தங்கள் ஆசிரியர்களின் உழைப்பைப் பட்டா இல்லாத நிலத்தில் கட்ட விட்டுவிட்டன. யாரும் கேட்கவில்லை.

தலையில் மாட்டிக்கொண்ட காலம்

பத்தாண்டு கழித்து இதே கதை வேறு கருவியோடு திரும்பி வந்தது. கொரோனா காலத்தில் வகுப்பறைகள் மூடின. தலையில் மாட்டும் மெய்நிகர் ஹெட்செட்டின் விலை சில நூறு டாலருக்கு இறங்கியிருந்தது. 2021-ல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி வேதியியல், உயிரியல், உலக வரலாறு வகுப்புகளை ஹெட்செட்டுக்குள் நடத்தத் தொடங்கியது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் பெய்லன்சன், மெய்நிகர் மனிதர்கள் பற்றிய தன் பாடத்தை முழுக்க மெய்நிகர் உலகத்திலேயே எடுத்தார். ஒவ்வொரு மாணவர் வீட்டுக்கும் ஹெட்செட் போனது. இரண்டு பருவங்களில் 263 மாணவர்கள் சேர்ந்து இரண்டு லட்சம் நிமிடங்களுக்கு மேல் அதற்குள் இருந்தார்கள்.

இந்தத் துறையில் நீண்டகாலம் இருக்கும் அவரே, எல்லாவற்றுக்கும் ஹெட்செட் கூடாது என்று தொடர்ந்து சொல்லிவருகிறார். நேரில் செய்தால் ஆபத்து, நேரில் செய்யவே முடியாது, நேரில் செய்தால் கேடு விளையும், நேரில் செய்யச் செலவு தாங்காது. இந்த நான்கில் ஒன்றாவது பொருந்தினால் மட்டுமே ஹெட்செட் என்பது அவர் வைக்கும் உரைகல். லாயலிஸ்ட் கல்லூரியின் சாவடியையும் டேவிஸ் வார்டையும் அதில் உரசிப் பாருங்கள், தேறும். மணிக்கூண்டு வைத்த வளாகத்தை உரசினால் தேறாது.

ஆனால் நடந்தது என்ன? 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டு, மெய்நிகர் கல்விக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த ஆதரவோடு 2022-ல் அமெரிக்காவின் பத்துக் கல்வி நிறுவனங்கள் 'மெட்டாவர்சிட்டி' என்ற பெயரில் களமிறங்கின. அவற்றுக்கு முதலில் செய்து கொடுக்கப்பட்டது என்ன தெரியுமா? அவரவர் கல்லூரி வளாகத்தின் டிஜிட்டல் நகல். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பட்ட பாட்டை யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஹெட்செட் மாட்டினால் மலைப்பு வரும். அது கற்றல் ஆகிவிடாது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கைடோ மக்ரான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 52 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரே மெய்நிகர் உயிரியல் ஆய்வகம். சாதாரணத் திரையிலும் செய்து பார்த்தார்கள், ஹெட்செட்டிலும் செய்து பார்த்தார்கள். ஹெட்செட்டில் அந்த இடத்திலேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது. கற்றது குறைந்தது. மூளை மின்னலைகளை அளந்தபோது, ஹெட்செட்டில் மூளை சுமை தாங்காமல் திணறியது தெரிந்தது. கண்ணுக்கு விருந்து அதிகமானால் மனத்துக்கு இடம் போதவில்லை. படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடத்துக்குச் சாதாரணத் திரையே மேல். உடம்பு திரும்ப வேண்டிய, குனிய வேண்டிய, தூரத்தைக் கணிக்க வேண்டிய பாடத்துக்கு ஹெட்செட் பற்றி யோசிக்கலாம்.

பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டிய இன்னொன்று. தலை எப்படித் திரும்புகிறது, கை எப்படி அசைகிறது என்பதையெல்லாம் ஹெட்செட் நொடிக்குப் பலமுறை பதிவு செய்கிறது. அது இல்லாமல் அந்தக் கருவி இயங்காது. 2020-ல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்றில், 511 பேர் கலந்துகொண்டார்கள். பெயர் இல்லாமல் ஐந்து நிமிட அசைவுப் பதிவை மட்டும் வைத்து, அது யாருடையது என்று 95 விழுக்காடு சரியாகக் கணினி கண்டுபிடித்தது. கைரேகை போல அசைவுரேகை. மாணவர் தன் வருகைப் பதிவுக்காக வேறு வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும் கருவியில் இந்தத் தரவு யாருக்குப் போகிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்பதைக் கல்லூரிதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

வாடகைக் கதையும் மறுபடி நடந்துவிட்டது. ஆசிரியர்கள் பலர் வகுப்புகளுக்குப் பயன்படுத்திவந்த ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற மெய்நிகர் உலகத்தை மைக்ரோசாஃப்ட் 2023 மார்ச் 10 அன்று மூடியது. உலாவியிலேயே இயங்கிய மொசில்லா ஹப்ஸின் சேவை 2024 மே 31-ல் நின்றது. ஹப்ஸின் நிரல் திறந்த நிரலாக இருந்ததால், தங்கள் சர்வரில் அதை நிறுவிக்கொள்ளத் தெரிந்தவர்கள் தப்பினார்கள்.

நம் பக்கம் வந்தால், இந்தியாவில் மத்திய கல்வி அமைச்சகத்தின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' திட்டம் ஐஐடி டெல்லியின் ஒருங்கிணைப்பில் நடக்கிறது. அவதாரமோ தீவோ அங்கே இல்லை. தன் கல்லூரியில் இல்லாத கருவியின் சோதனையைச் செய்து பார்க்க ஒரு மாணவருக்கு இணைய உலாவி போதும், கட்டணம் கிடையாது. பகட்டு இல்லாத அந்த வேலையை நான் மதிக்கிறேன். சென்னை ஐஐடியிலும் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கென்றே எக்ஸ்டிக் என்ற ஆய்வு மையம் இருக்கிறது. அறிவுக்கு நம்மிடம் குறைவில்லை.

ஆகவே கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடத்தில் மாணவரால் போகவே முடியாத இடம் எது என்று முதலில் எழுதிப் பாருங்கள். வெடித்த கொதிகலன் இருக்கும் ஆலையா, வெள்ளம் சூழ்ந்த கிராமத்தில் நிவாரணப் பணியா, பொய்ச்சாட்சி சொல்லும் ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்யும் நீதிமன்றமா? அப்படி ஓர் இடம் இல்லையென்றால் இந்தப் பணத்தில் ஆய்வகத்துக்கு நல்ல மைக்ராஸ்கோப் வாங்குங்கள். இருந்தால், அங்கே மாணவர் செய்ய வேண்டிய வேலையையும், அதன் பிறகு நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளையும் தாளில் எழுதிவிட்டு, பிறகு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள். அவர் ஹெட்செட்டை மேஜை மேல் வைத்ததும் கேளுங்கள்: உங்கள் நிறுவனம் நாளை இதை மூடிவிட்டால், நாங்கள் கட்டிய வகுப்பும் எங்கள் மாணவர்களின் பதிவுகளும் யாரிடம் இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.